ஆறு பிளாப்பிக்கு ஒரு நற்சான்றிதழ்

என் அக்கா பிலோமினா முனைவர் பட்டம் வாங்காமல் போனதற்கு ஒரு கம்ப்யூட்டர் வைரஸ்தான் காரணம் என்று முப்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவருகிறேன். வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. நான்தான் காரணம் என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. வைரஸுக்கு ஏது கால்? கோட்டுச்சேரியில் பஸ் ஏறி, காரைக்கால் போய், அதைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. கப்பலில் வேலை பார்த்த அத்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு நடு அறையில் வைத்துவிட்டு, மறுபடி கப்பலேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்த அக்கா, அதில்தான் தன் ஆய்வேட்டை எட்டு மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் பிரிண்டர் கிடையாது. எல்லாம் முடிந்ததும் புதுச்சேரிக்குப் போய் மொத்தமாக அச்செடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். அதுவரைக்கும் இருநூற்றுச் சொச்சம் பக்கமும் மூன்று பிளாப்பிகளில் இருந்தன. அவற்றுக்கு நகலாக இன்னும் மூன்று. கையால் எழுதிய தாள்களில் பாதி வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது; திருத்தமெல்லாம் திரையிலேயே செய்த பிறகு அந்தக் குப்பை எதற்கு என்று அக்காவே போட்டுவிட்டாள். பல்கலைக்கழகம் இரண்டு முறை அவகாசம் கொடுத்து அலுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து. பன்னிரண்டு நாள் பாக்கி.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி.யில் இரண்டு பேப்பர் பாக்கி. ஆனால் மூன்று மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்தேன். (முடித்தேன் என்றால், போனேன்.) ஏதோ ஒரு பத்திரிகையில் கம்ப்யூட்டர் வைரஸைப் பற்றி ஒரு பக்கம் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெளியார் பிளாப்பி வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். அது நியாயம். சளி பிடித்தவர்கள் நடு அறைக்குள் வரக்கூடாது என்றும் சொன்னேன். (அது வேறு வைரஸ் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் எதற்கு வம்பு.) அம்மா இரண்டு நாள் தும்மலோடு வாசல்பக்கமாகவே சுற்றி அடுப்படிக்குப் போய்வந்தாள்.

அக்கா செய்ததுதான் உருப்படியான காரியம். ஆறு பிளாப்பியின் ஓரத்திலும் இருக்கும் சின்ன வெட்டை ஒரு கறுப்பு ஸ்டிக்கரால் ஒட்டி மூடி வைத்தாள். அப்படி மூடிவிட்டால் அதில் இருப்பதைப் படிக்கலாமே தவிர, புதிதாக எதையும் எழுத முடியாது. வைரஸாலும் முடியாது. அதோடு விட்டிருக்க வேண்டும்.

கெடுத்தது அப்பாவின் கேள்வி. அப்பா முனிசிபல் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தா. (அவர் அதைக் கடைசிவரை 'மேரி' என்றுதான் சொன்னார், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தை.) சீல் குத்தாத எதுவும் உலகத்தில் இருப்பதாகவே அவர் நம்பியதில்லை.

"வைரஸ் இல்லன்னு சொல்றியே, யாரு பாத்தா?"

"நான்தான்ப்பா."

"நீ பாத்தா ஆச்சா? எழுத்துல எங்க இருக்கு?"

என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அது எனக்கு உறைத்தது.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடம் போனதும், காரைக்காலில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். மாஸ்டர் நல்ல மனிதர். மெட்ராஸிலிருந்து வைரஸ் பார்க்கும் பிளாப்பி ஒன்று வந்திருப்பதாகவும், சோதித்துவிட்டு லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவதாகவும் சொன்னார். பிளாப்பிகளை எடுத்துப்போக வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா சொன்னார்: "அசலும் நகலும் சேத்துக் கொண்டு போ. அசலைக் காட்டாம நகலுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?"

எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பிரெஞ்சு பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று வரைக்கும் அப்படித்தான். அசல் ஒரு கையில், நகல் ஒரு கையில், கியூவில் நிற்க வேண்டும். எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஆறையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யாரும் இடிக்காமல் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மாஸ்டர் பிளாப்பியைத் திருப்பிப் பார்த்தார். "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களே தம்பி. வைரஸ் இருந்தா எப்படிங்க எடுக்கறது? பிரிச்சுருங்க."

பிரித்தேன். நானே, என் நகத்தால், ஆறையும், பிளாப்பியில் கீறல் விழாமல் மெதுவாகப் பிரித்தேன். பிறகு மூன்று பேட்ச் மாணவர்கள் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்த விளையாட்டுகளையெல்லாம் ஆடித் தீர்த்த ஒரு மெஷினில், என் அக்காவின் எட்டு மாதம் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தது. ஆறும் சுத்தம் என்றார் மாஸ்டர். 'மேற்படி அசல் மூன்றும் அசலுக்கு மாறாத நகல் மூன்றும் கிருமித்தொற்று ஏதுமின்றி நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதி, ஊதா மையில் சீல் குத்திக் கொடுத்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இப்பதான் ஒரு முறையா இருக்கு" என்று அதை ஃபைலில் வைத்தார். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டிய சில தருணங்களில் அது ஒன்று.

சாயங்காலம் அக்கா வந்து பிளாப்பியைக் கையில் எடுத்தவள் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் எங்கடா?"

நான் பெருமையாகச் சான்றிதழை ஃபைலோடு நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. பிளாப்பியைச் செருகி மெஷினைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எங்கிருந்தோ வந்து, திரையின் நாலு பக்கமும் முட்டி முட்டி ஓடத் தொடங்கியது. முதல் அத்தியாயத்தைத் திறந்தால் பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை. கட்டமும் கோடுமாக ஏதோ வந்தது. இரண்டாவது பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்றது. மூன்றாவதும் அப்படியே. நகல்கள் அசலுக்குக் கொஞ்சமும் மாறவில்லை. அந்த வகையில் மாஸ்டர் எழுதிக் கொடுத்தது உண்மைதான்.

நான் திரும்ப சென்டருக்கு ஓடினேன். "எங்க மெஷின்லேருந்து வந்துச்சுன்னு எப்படிங்க சொல்றீங்க? இங்க எல்லாம் நல்லாத்தான ஓடுது" என்றார் மாஸ்டர். அவர் முதுகுக்குப் பின்னால் அதே வெள்ளைப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாடகைக்கு வாங்கிய டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, அடுப்பில் எரியாமல் தப்பிய தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த நாளெல்லாம் தட்டினாள். விரல் நுனியில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு தட்டினாள். நான் தாள் எடுத்துக் கொடுக்கப் போனால், "அங்கயே இருடா" என்பாள். மாதக் கடைசியில் எண்பத்தேழாம் பக்கத்தில் நின்றது. பதிவு ரத்தானது. முப்பது வருடம் டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றாள்.

அப்பா மட்டும் அந்தச் சான்றிதழைக் கடைசிவரை ஃபைலிலிருந்து எடுக்கவில்லை. சீல் இருக்கிறதே.

அதன்பின் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டிய எதையும் என் கண்ணில் காட்டுவதில்லை. நகை, பத்திரம், பாஸ்போர்ட், மாவடு ஜாடி உட்பட. சில வருடங்களுக்கு முன் அக்காவின் மகள் தன் ஆய்வேட்டை முடித்தாள். வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டேன்: "காப்பி எடுத்து வச்சிருக்கியாம்மா?"

"நாலு இடத்துல வச்சிருக்கேன் மாமா."

"எங்கெங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சொல்லாதடி."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டிப் பார்த்தேன், அக்கா சிரிக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.