சட்டப்படி ஆறு ஜன்னல்

எங்கள் வீட்டில் இனி எல்லாம் சட்டப்படிதான் நடக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை அறிவித்தேன். தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். காரணம், என் சோம்பேறித்தனம்.

மகள் கல்பனா தலைப்பிரசவத்துக்கு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஜன்னல்களில் என் அப்பா காலத்துப் பச்சை பெயிண்ட் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிப் புதுசு அடிக்கச் சொல்லி என் மனைவி கனகா பத்து நாளாகப் பிடுங்கி எடுத்தாள். உத்திரமேரூர் முழுக்கத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். நான் தேடியது டீக்கடையில் மட்டும்.

அந்த நேரத்தில்தான் பேப்பரைப் பிரித்ததும் ஒரு நோட்டீஸ் மடியில் விழுந்தது. தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்று நினைத்தேன்.

“கனகா, இத்த பாரு! பழைய பெயிண்ட்ல ஈயம் கீதாம். தூள் பறந்தா வயித்துப் புள்ளைக்கு ஆவாதாம். சுரண்டவே கூடாதாம். இனிமே இந்த வூட்ல எல்லாம் சட்டப்படிதான்!”

“காரீயமா?”

“அதான்.”

“மிச்சத்தையும் படி.”

“அவ்ளோதான் கீது.”

கனகா நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். குரல்கூட உயரவில்லை.

“‘உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது’ன்னு போட்டுக்கீது. தண்ணி தெளிச்சு ஈரமா தேய்க்கணுமாம். முன்னாடி ரெண்டு வார்த்தைய முழுங்கிட்ட.”

“கண்ணாடி போடல.”

திங்கட்கிழமை சட்டம் அமலுக்கு வந்தது, என் மேல். மூக்குக்கு முகமூடி. தரைக்குத் தார்ப்பாய். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆறு ஜன்னலையும் தேய்த்தேன். வேலைக்கு நடுவில் டீ குடிக்கக் கூடாது. குளிக்காமல் உள்ளே வரக் கூடாது. தூளை மூட்டை கட்ட வேண்டும். அழுக்குத் துணியைத் தனியாக, அதுவும் நானே, துவைக்க வேண்டும்.

“‘நானே’ன்னு அதுல இல்லியே, கனகா?”

“கீது. நீ கண்ணாடி போடல.”

புதன்கிழமைக்குள் ஈயமில்லாத பெயிண்டும் அடித்து முடித்தேன். வெள்ளிக்கிழமை கல்பனா வந்து, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்த நோட்டீஸ் மட்டும் என் கண்ல படலேன்னா இன்னா ஆயிருக்கும்மா?” என்றேன் மகளிடம், கொஞ்சம் பெருமையாகவே.

கனகா மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

“வாலாஜாபாத் பெயிண்ட் கடையில கேட்டு வாங்கியாந்து, மூணு நாளா உன் பேப்பர்ல வெச்சேன். நாலாவது நாளுதான் கண்ல பட்டுச்சு.”