துரைக்குக் குளிர்

சாவியைத் திருப்பினால் கார் "கிர்ர்... கிர்ர்... க்" என்றது. பாஸ்கல் சாவியை எடுத்து, ஊதி, சட்டையில் துடைத்து மறுபடியும் போட்டார். இப்போது வெறும் "க்" மட்டும் வந்தது.

"என்னாங்க, உங்க துரை எந்திரிச்சாச்சா?" சமையலறையிலிருந்து மனைவி ஐவி குரல் கொடுத்தாள்.

"எந்திரிப்பாருலா! ராத்திரி பூரா மழை. கொஞ்சம் குளிரு, அவ்ளோதான்."

துரை என்பது அந்தக் காருக்கு வீட்டில் வைத்த பெயர். பாஸ்கலின் அப்பா டிரைவராக இருந்த ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார துரை, கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. இங்கிலாந்துப் பனியில் பிறந்ததுதான். ஆனால் இந்தக் குனோங் ராபாட் ஊரில் நாலு தூறல் போட்டால் அதற்கு ஜன்னி கண்டுவிடும். கல்யாணமான நாளிலிருந்து ஐவி அதில் உட்கார்ந்து போன நேரத்தைவிடத் தள்ளிக்கொண்டு போன நேரம்தான் ஜாஸ்தி. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தள்ளியிருக்கிறாள், பாவம்.

போன மாதம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு பொறுமை போயிற்று.

"இன்னைக்கு இத வித்தாவணும். இல்லாட்டி மத்தியானம் பெசி பூரோக் இரும்புக்காரன் லாரியோட வாரான். பழைய இரும்போட இரும்பா ஏத்தி விட்டுருவேன்."

சும்மா சொல்கிறவள் அல்ல. துரையின் தலையில் சம்மட்டி விழுவதைப் பாஸ்கலால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யார் வீட்டிலாவது, எந்தப் போர்ச்சிலாவது அது முழு உருவத்தோடு நின்றால் போதும் அவருக்கு.

நல்லவேளையாக ஒரே ஒருத்தி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். தெலுக் இந்தான் பெண், பேர் வலேரி. முந்தின நாள் போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அங்கிள், நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வச்சிராதீங்க. காலையில குளிர்ல எப்படி இருக்குன்னு நானே பாக்கணும்."

'சரியான கைகாரி! வேலை தெரிஞ்சவ!' பாஸ்கலுக்கு அப்போதே வேர்த்துவிட்டது. அவள் வருமுன் ரகசியமாக ஒரு தடவை எழுப்பிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். வரவில்லை. முழுசாக இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதி மிதி என்று மிதித்தார். குப்பென்று பெட்ரோல் நாற்றம். என்ஜின் பெட்ரோலிலேயே முழுகிவிட்டது.

பிளக் நான்கையும் கழற்றினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. ஐவி குளிக்கப் போன சமயம் பார்த்து, அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, பிளக்குகளை வரிசையாக வைத்து வாட்டினார். ஒரு பக்கம் காய்ந்ததும் கரண்டியால் புரட்டிக்கூடப் போட்டார்.

அது காய்வதற்குள், ஈரம் பாய்ந்த வயர்களையும் காய வைத்துவிடலாம் என்று ஐவியின் ஹேர் டிரையரை எடுத்துவந்து போர்ச்சில் மாட்டினார். தரையெல்லாம் மழைத் தண்ணீர். "டப்!" வீடு இருண்டது.

குளியலறையிலிருந்து ஓர் அலறல். "ஐயோ! சுடுதண்ணி நின்னு போச்சு! ஐஸா ஊத்துது!"

தலையில் ஷாம்பு நுரையும் அதன்மேல் துண்டுமாக ஐவி வெளியே வந்தாள். நேராக அடுப்பைப் பார்த்தாள்.

"இது என்னா? பசியாற எனக்கா, துரைக்கா?"

"ஐவி, கோவப்படாதே. தோசைக்கல்லை நானே கழுவித் தாரேன்."

"கல்லைத் தூக்கி உங்க தலையில போடுறேன், இருங்க!"

பிளக்குகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு பாஸ்கல் வெளியே ஓடி, வேகவேகமாக மாட்டினார். சாவியைத் திருப்பினார். "க்."

அடுத்த வீட்டு அர்ச்சுனன், கைலியும் பனியனுமாக வேலியருகே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத காரே கிடையாது. கேட்டால் அவனே சொல்வான்.

"பேட்டரி செத்துருச்சுண்ணே. என் காடியிலேருந்து கரண்ட் குடுக்கிறேன். வயர் இருக்கு."

"இருப்பா, இது துரைமார் காலத்து வயரிங். பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழா இருக்கும்."

"நான் பாக்காத காடியாண்ணே!" என்று சொல்லியபடியே அவன் வயரை வைத்தான்.

பளீரென்று பொறி பறந்தது. துரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அர்ச்சுனனின் புதுக் காடிதான் "பேம் பேம் பேம்" என்று ஊளையிட ஆரம்பித்தது. நிறுத்த என்ன செய்தும் நிற்கவில்லை. மொத்த வரிசை வீடுகளும் விழித்துக்கொண்டன. கைலிகளும் நைட்டிகளும் தெருவுக்கு வந்தன.

"ஆலமாக்! காலங்காத்தால என்னாலா இது?"

"வந்ததுதான் வந்தீங்க, ஆளுக்கொரு கை தள்ளி விடுங்க!" என்று பாஸ்கல் கெஞ்சினார்.

தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முனையில் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் சங்கிலி, கொக்கி, எல்லாம் இருந்தன.

பாஸ்கல் டிரைவர் சீட்டிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார். "ஐவி! இரும்புக்காரனை இப்பவே வரச் சொல்லிட்டியா?"

"மத்தியானம்தாங்க சொன்னேன்! சத்தியமா!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஐவி அதைப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், திட்டவில்லை. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிடித்த இடுப்பையும் மறந்து, காரின் முதுகில் கையை வைத்தாள்.

"எல்லாரும் தள்ளுங்கலா! ஒன்னு, ரெண்டு, போடு!"

சரிவில் துரை உருண்டது. பாஸ்கல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். "டமார்!" கரும்புகை தெருவை மூடியது. ஐவியின் வெள்ளை நுரை கறுத்தது. புகை விலகியபோது துரை நின்ற இடத்திலேயே ஒரே சீராக, தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தெருவே கைதட்டியது. பாஸ்கல் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

லாரி பக்கத்தில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது ஓர் இளம்பெண்.

"பாஸ்கல் அங்கிளா? நான்தான் வலேரி."

"நீயாம்மா! இரும்புக்காரன்னு நெனச்சுப் பயந்தே போனேன். லாரியெல்லாம் எதுக்கு? இப்படியே ஏறி உட்காந்து தெலுக் இந்தான் வரைக்கும் ஓட்டிட்டுப் போலாம். சத்தத்தைக் கேளு!"

வலேரி கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வாடியது.

"ஆமா, நல்லா ஸ்டார்ட் ஆவுது," என்றாள் அழாக்குறையாக.

"பின்னே? யாருக்கும்மா வாங்குற?"

"எங்கப்பாவுக்கு."

"ஆஹா! மகராசனா ஓட்டட்டும்!"

"ஐயோ அங்கிள், அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு, ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்கிறாரு. நாள் பூரா பானெட்டைத் தொறந்து ரிப்பேர் பண்ணிக்கிட்டு வீட்டோட கெடக்கட்டும்னுதான், ஸ்டார்ட்டே ஆவாத காடியாத் தேடிக்கிட்டு வந்தேன்!"