இரண்டரை அங்குலப் புகைக்குழாய்

தனியாக வாழ்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் அசடு வழிந்தால் பார்க்க ஆள் இருக்காது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாலும், சோற்றைக் கருகவிட்டாலும் விஷயம் வீட்டைத் தாண்டாது. என் வாழ்க்கையில் அப்படிச் சாட்சியில்லாமல் போன அசட்டுத்தனங்கள் ஏராளம். ஒன்று மட்டும் தப்பிவிட்டது. அதை ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியின் நோயாளிகள் அத்தனை பேரும் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். அவர்களில் சிலர் கட்டிலைவிட்டு எழவே கூடாது என்று சொல்லப்பட்டவர்கள்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஓர் இடைநிலைப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒரு தமிழ் முஸ்லிம் நானாவின் மளிகைக் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். மாலையில் நான் படியேறிப் போகும்போது கல்லாவில் இருக்கும் நானா தலை நிமிரமாட்டார். நான் வராமலே போயிருந்தாலும் நிமிர்ந்திருக்கமாட்டார். சொத்து என்று சொல்ல ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. நாலு சிலிண்டர், ஆயிரத்து இருநூறு சி.சி., கடுகு நிறம்.

கூட வேலை பார்த்த அந்தோணியின் அப்பா, கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் தோட்ட ஆஸ்பத்திரிக்கு டிரெஸ்ஸர்தான் எல்லாம். ஆஸ்பத்திரியும் அவர் வீடும் ஒரே மேட்டின்மேல் இருந்தன. ஒரு சனிக்கிழமை அந்தோணி என்னை அங்கே சாப்பிட வரச் சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது அவனே இன்னும் வரவில்லை. அவன் தங்கை ரோஸ்லின் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையைத் தூக்கினாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"அண்ணன் வருது," என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து நூல்போல ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது.

"அதெப்படித் தெரியும்?"

"சத்தந்தான் சார். தொரை ஜீப்பு ஒரு சத்தம். பால் லாரி ஒரு சத்தம். ரொட்டிக்காரர் மோட்டார் ஒரு சத்தம். இங்க ஆளுக்கு முன்னால சத்தம் வந்துரும்."

"என் காடி?"

யோசித்துப் பார்த்தாள். "உங்க காடிக்குச் சத்தமே இல்லயே. நிமிந்து பாத்தா வாசல்ல நிக்கிறீங்க. பேய் மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேய் என்னுடனேயே வந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போக எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டிருந்தது. (பௌதிகப் புத்தகம் கொடுக்க ஒருமுறை. அதையே திரும்ப வாங்க இன்னொருமுறை.) ஒவ்வொரு தடவையும் அவள் அடுப்பு மற்றவர்களின் சத்தத்துக்குத்தான் பற்றியது. எனக்கும் ஒரு சத்தம் வேண்டும், அதைக் கேட்டு அவள் பேனாவை மூடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உலகத்தில் எத்தனையோ பெரிய ஆசைகள் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது இது.

அந்த நேரம் பார்த்து என் காரின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. விதி என்பார்கள். நான் அதை வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எக்சாஸ் கடையின் சீன முதலாளி, தௌக்கே, காரைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தார். பழைய குழாய் ஒன்றரை அங்குலம். அதே அளவில் போடலாம், ஒன்றேமுக்காலும் போடலாம். சுவரில் இரண்டரை அங்குலக் குழாய் ஒன்று தொங்கியது. என் முழங்கை அதற்குள் போகும்போலிருந்தது. அதைக் காட்டி, இது ஆகுமா என்று கேட்டேன்.

"பெசார் பூன் போலே, கெச்சில் பூன் போலே," என்றார். பெரிசும் ஆகும், சிறிசும் ஆகும். அவ்வளவுதான் அவர் அறிவுரை. அவருக்கு விற்றால் போதும்.

சைலன்சரிலும் இரண்டு வகை இருந்தன. ஒன்று நீண்ட முட்டைவடிவப் பெட்டி. உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும். புகை வளைந்து வளைந்து களைத்துப்போய் வெளியே வரும். இன்னொன்று நேர்க்குழாய். சுற்றிலும் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு, நடுவே தடையே கிடையாது. நான் நேர்க்குழாயைக் கேட்டேன்.

சத்தத்துக்காகத்தான் கேட்டேன் என்று வெளியே சொல்ல முடியுமா? பௌதிக ஆசிரியன் அல்லவா. வகுப்புக் கரும்பலகையில் படம் வரைந்து நியாயப்படுத்தினேன். குழாய் அகலமானால் தடை குறையும், தடை குறைந்தால் எஞ்சின் லேசாக மூச்சுவிடும், ஆகவே பலம் கூடும். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். (அவர்களிடமும் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.) உண்மையில் சின்ன எஞ்சினுக்கு அகலக் குழாய் போட்டால் புகை வேகமிழந்து உள்ளேயே சோம்பி நிற்கும். வேகமாகப் போகும் புகைதான் தன் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதாவது மேடு ஏறும்போது, இழுவை செத்துவிடும். தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுவதைக் காட்டி, இதே தத்துவத்தை அதே வாரம் அடுத்த வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

குரூண் போகும் சமவெளிச் சாலையில் விரட்டிப் பார்த்தேன். பறந்தது. சத்தமோ, திகாம் பத்துக் கடைத்தெருவில் கோழிகள் சாலையைக் கடக்காமல் திரும்பிப் போயின. எனக்கு ஒரே பெருமை.

"என்னா சார், ஏரோப்ளேன் வாங்கிட்டீங்களா?" என்றான் அந்தோணி. பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பெண் கேட்கப் போவது. அதற்குப் பெரியவர்கள் வேண்டும். எனக்கு யாரும் இல்லை. எங்கள் மாதாகோயில் உபதேசியார் சந்தியாகுவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஆளில்ல, ஆளில்லன்னு ஏம்பா சொல்ற? நானும் எம் வீட்டம்மாவும் என்னா மரமா? ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு போவோம்," என்றார்.

ஞாயிறன்று அவர் தம் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். திருவிழாக்களுக்கு மட்டும் வெளியே வரும் கோட்டு அது. அவர் மனைவி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைச்சீப்பு, மல்லிகைப்பூ, ஒரு டின் பிஸ்கட் எல்லாம் தாமே வாங்கி அடுக்கிக்கொண்டு வந்தார். ஆண்டவர் கிருபையால் இருவருக்குமே நல்ல உடம்பு.

கார் கிளம்பியதும் அந்த அம்மா என் காதருகே குனிந்து கத்தினார். "தம்பி, அடியில எங்கயாச்சும் ஓட்டையா?"

"இல்லம்மா. புதுசு."

"புதுசா?"

அதற்குப் பிறகு வழியில் யாரும் பேச முடியவில்லை. உபதேசியார் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். வழக்கமான பக்தி என்றுதான் அப்போது எண்ணினேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததுமே தொழிலாளர் லயங்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இந்நேரம் அவள் காதில் விழுந்திருக்கும், தண்ணீர் வைத்திருப்பாள் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆஸ்பத்திரி மேட்டில் கார் பாதி ஏறியது. பிறகு எஞ்சின் பெருமூச்சு விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். சத்தம் ஏறியது, கார் ஏறவில்லை. இருமி நின்று பின்னால் வழிய ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்துக் கீழே வரைக்கும் இறக்கிவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடி அதே இடம், அதே இருமல்.

அதற்குள் ஆஸ்பத்திரி வராந்தா நிறைந்துவிட்டது.

"லோ கியர் போடச் சொல்லுங்கடா," என்றார் காலில் கட்டுப்போட்ட ஒரு பெரியவர்.

"போட்டுட்டாரு தாத்தா. அதான் அழுவுது."

"பெண்ணு கேக்க வந்தாராம்."

"பெண்ணுக்குக் கேட்டிருக்கும். பினாங்குக்கே கேட்டிருக்கும்."

அந்தோணி மேலிருந்து ஓடி வந்தான். ஜன்னலில் குனிந்து, "சார், எக்சாஸ் பெருசு சார். பழசு இருக்கப்ப குடுகுடுன்னு ஏறுமே," என்றான். அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் எஞ்சின் அப்போதுதான் அணைந்திருந்ததால் வராந்தா முழுக்கக் கேட்டது.

அந்த இடத்தில் நான் "ஆமாம், தப்புப் பண்ணிவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. நான் சொன்னது இது:

"பைப்புல ஒண்ணும் தப்பில்ல. வெயிட்டுதான் கூட."

சொல்லிவிட்டு உபதேசியாரைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் புரியாமல் விழித்தார். பிறகு சிரித்தார். "ஆமாம்பா, நான் கொஞ்சம் கூடத்தான்," என்று கதவைத் திறந்து இறங்கினார். மனைவிக்குக் கை கொடுத்து இறக்கினார். அந்த அம்மா தாம்பாளத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

"இருங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தகப்பனுக்குப் பதிலாக வந்தவர். நான் காரைத் தூரமாகப் பின்னுக்கு எடுத்து, உறுமவிட்டு, ஒரே விரட்டாக விரட்டினேன். மேட்டில் நடந்துகொண்டிருந்த அந்த இருவரையும் தாண்டிப் போனபோது செம்மண் புழுதி பறந்தது. கார் ஏறிவிட்டது. இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்த அந்தோணியைப் பார்த்து, "பாத்தியா, வெயிட்டுதான்," என்றது.

டிரெஸ்ஸர் வாசலில் நின்றார். "வாங்க சார். கூட யாரும் வரலியா?"

நான் மேட்டின் கீழே கையைக் காட்டினேன். எல்லோரும் அங்கே பார்த்தார்கள். உச்சி வெயில். வெள்ளைக் கோட்டு செம்மண் நிறமாகியிருந்தது. உபதேசியார் நின்று நின்று வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா தாம்பாளத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவர் நிற்கும்போதெல்லாம் தாமும் நின்றார்.

ரோஸ்லின் வெளியே வந்தாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள். படியிறங்கும்போது அந்தோணியைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, தண்ணி வை," என்றாள்.

அவ்வளவு சத்தத்துக்கும் அதுவரை அந்த அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

அவள் தாம்பாளத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, குடையை அவர்களுக்குப் பிடித்து மேலே கூட்டி வந்தாள். டிரெஸ்ஸர் உபதேசியாரின் முகத்தைப் பார்த்ததும், "கல்யாணப் பேச்சு அப்புறம், மொதல்ல உக்காருங்க," என்று பிரஷர் பார்க்கும் பட்டையைக் கொண்டுவந்து கையில் சுற்றினார். பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே உபதேசியார் தம் கடமையைச் செய்ய ஆரம்பித்தார்.

"பையன்... தங்கமான பையன். குடி கிடையாது. சிகரெட்டு கிடையாது..."

"பேசாதீங்க, ஏறுது," என்றார் டிரெஸ்ஸர்.

"பூசைக்குத் தவறாம..."

"பேசாதீங்கன்னேன்ல."

இப்படியாக எனக்காகப் பேசப்பட்ட ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் பாதரசம் ஒரு கோடு ஏறியது.

தேத்தண்ணி குடித்தோம். பதில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். திரும்பும்போது இறக்கம் என்பதால் எல்லோருமே காரில் உட்கார்ந்து வரலாம் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். வழியில் உபதேசியார் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையாட்டினேன். என்ன சொன்னீர்கள் என்று பிறகும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். திட்டியிருக்கமாட்டார், எனக்குத் தெரியும். அதனால்தான் அது என்னவென்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறையில் அந்தோணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், தங்கச்சி வேணாங்குது."

"சத்தமா?"

"சத்தம் பரவால்லயாம்." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வெயிட்டு கூடன்னு நாளைக்கு எங்கப்பாவையும் எறக்கி விட்ருவாரான்னு கேக்குது."

தௌக்கேயிடம் போய் ஒன்றரை அங்குலமே போடச் சொன்னேன். "கெச்சில் பூன் போலே," என்றார். கார் பழையபடி சத்தமில்லாமல் ஓடியது. நான் பழையபடி சத்தமில்லாமல் மளிகைக் கடைப் படியேறினேன். நானா நிமிரவில்லை.

ரோஸ்லின் அலோர் ஸ்டாரில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர், பஸ்ஸில் வந்து பெண் கேட்டவர். நான் யாரையும் கேட்டுப் போகவில்லை. அந்தோணி மட்டும் என்னை விடவில்லை. இன்றுவரை கிறிஸ்துமசுக்கு அவன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. போன கிறிஸ்துமசிலும் போயிருந்தேன். கோலாலம்பூருக்குத் திரும்பும் அவன் பேத்தி, கூடத்தில் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் திணித்து, ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

"ஜிப்பு போச்சா?" என்றான் அந்தோணி.

"பைப்புல ஒண்ணும் தப்பில்ல தாத்தா. வெயிட்டுதான் கூட," என்றாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பரீட்சையில் தோற்றாலும், குழம்பு தீய்ந்தாலும், அந்தக் குடும்பத்தில் தப்பை ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லும் வாசகம் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரோ ஒரு மாப்பிள்ள. அத்தப் பாட்டிய பெண்ணு கேக்க வந்தாராம். செம காமெடி, தாத்தா. பேரு யாருக்கும் ஞாபகமில்லயாம்."

அந்தோணி நாளிதழைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். என் பெயர் அவனுக்கும் அவன் தங்கைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கும். இத்தனை ஆண்டுகளாக இருவரும் சொல்லவில்லை.

நான் எழுந்து போய் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். அவள் ஜிப்பை இழுத்தாள். சுற்றிவந்து மூடிக்கொண்டது.

"தாத்தா வெயிட்டு கரெக்ட்டா இருக்கு," என்றாள்.