முள்ளெலி அண்ணாச்சிக்கு வேண்டியவன்

ஒரு காட்டில் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இந்தக் கதையில் வருகிறவர்களைக் காட்டில் விட்டால் இரண்டாவது வரிக்குள் செத்துத் தொலைவார்கள். ஆகவே தூத்துக்குடிக்குக் கிழக்கே ஒரு கடலில், பவளப்பாறை ஓரத்தில், சந்தியாகு என்றொரு மீன் இருந்தான். சுண்டுவிரல் நகம் அளவு. அவன் சொந்தபந்தம் அத்தனையையும் ஒரு களவா மீன் ஒரே கொட்டாவியில் விழுங்கிவிட்டது. பாக்கி இவன் ஒருத்தன்தான்.

"உன்னையும் ஒருநாள் பாத்துக்கிடுதேன்லே" என்று களவா சொல்லியிருந்தது.

உயிருக்குப் பயந்து சந்தியாகு புகுந்த இடம் ஒரு கடல் முள்ளெலியின் முட்கள். பெயர்தான் எலி, பார்த்தால் ஊசி குத்திவைத்த பந்து. அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது, மூளை கிடையாது. வாய் அடியில் இருக்கும், கழிவு உச்சி வழியாகப் போகும். அதனால் பாறையில் எல்லோரும் அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். தன்னிடம் ஒருத்தன் குடியிருப்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவரிடம் சாமான் இல்லை.

ஒருநாள் நண்டு ஒன்று வந்து, "தம்பி, நீங்க அண்ணாச்சிக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டது.

சந்தியாகு எட்டிப் பார்த்தான். தூரத்தில் களவா நின்றது.

"பின்னே? கூடவேல்லா இருக்கேன்!" என்றான், அதற்கும் கேட்கும்படி.

"என் வளையில விலாங்கு வந்து படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கு. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னா புண்ணியமாப் போகும்."

அந்த நேரம் பார்த்து நீரோட்டம் திரும்பியது. முட்கள் இடதுபக்கம் சாய்ந்தன.

"சொல்லிட்டாவ, போங்க" என்றான் சந்தியாகு.

நண்டு போய்ச் சொன்னதும் விலாங்கு மறுபேச்சில்லாமல் காலி செய்தது. அண்ணாச்சிக்கு மூளை இருக்கிறதா என்று அது விசாரிக்கவில்லை. முள் இருப்பது அதற்குத் தெரியும்.

அப்புறம் என்ன, வரிசைதான். சந்தியாகு சிப்பித் துண்டை உடைத்து டோக்கன் கொடுத்தான். முள் இடதுபக்கம் சாய்ந்தால் காரியம் ஆகும், வலதுபக்கம் சாய்ந்தால் நாளைக்கு வர வேண்டும். களவாகூட ஒருநாள், "தம்பி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. இதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் பதில் சொல்லும்போது சந்தியாகு களவாவின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு வெளியூரிலிருந்து ஒரு கிளாத்தி மீன் வந்தது. கல்லைக் கடிக்கிற பல். ஊர் வழக்கம் தெரியாத ஜென்மம். அடியில் தண்ணீரை ஊதி அண்ணாச்சியைக் குப்புறப் புரட்டி, வாய்ப்பக்கமாக ஓட்டை போட்டு, உள்ளே இருந்ததைத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போனது. வரிசையில் நின்றவர்கள் அவரவர் டோக்கனைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மிஞ்சியது வெறும் ஓடும் ஏழெட்டு முள்ளும். சந்தியாகுவுக்கு அழுகை வந்தது. அண்ணாச்சிக்காகக் கொஞ்சம், தனக்காக நிறைய.

களவா மெதுவாகப் பக்கத்தில் வந்தது. நாக்கைச் சுழற்றிக்கொண்டு, "அண்ணாச்சி இருக்காவளா தம்பி?" என்றது.

செத்தோம் என்று சந்தியாகு ஓட்டைக்குள் பாய்ந்தான். உள்ளே, கடவுளே, முன்னைவிட எவ்வளவு விசாலம்!

"இருக்காவ" என்று உள்ளிருந்து கத்தினான். "பேசிக்கிட்டிருக்கோம்!"

நீரோட்டம் திரும்பியது. மிச்ச முட்கள் சாய்ந்தன. களவா வாயை மூடிக்கொண்டு, "அவசரமில்ல, பெறகு வாரேன்" என்று பின்வாங்கியது. வரிசை மறுபடி நேரானது.

மறுநாள் முதல் டோக்கன் வாங்கியது கிளாத்தி.

"நான் படுக்கிற பொந்துல ஒரு விலாங்கு வந்து உக்காந்திருக்கு. அண்ணாச்சிகிட்ட சொல்லணும்" என்றது. பிறகு தலையைச் சொறிய வழியில்லாமல் துடுப்பை ஆட்டியது. "ஆனா தம்பி, அவரைத் தின்னதே நான்தானே?"

"அது அவியளுக்குத் தெரியும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல" என்றான் சந்தியாகு.

"அடேயப்பா, அவ்வளவு பெரிய மனசா!" என்று கிளாத்தி அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது. அன்றிலிருந்து களவா அந்தப் பக்கமே வருவதில்லை.

நீதி: அடைக்கலம் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கேட்டால் உள்ளேயிருந்து யாராவது பதில் சொன்னால் போதும்.