தேனிலவுக்கு ஊர் தேடும் தகப்பன் மகனுக்கு எழுதியது

அன்பு மகனுக்கு, உன் அப்பா எழுதுவது.

இங்கே நானும் டீச்சரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கை நீங்கலாக. அங்கே நீயும் மருமகளும் முழங்கைகள் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு தகப்பன் தன் மகனுக்கு உடம்பைப் பற்றி எழுதலாம், வேலையைப் பற்றி எழுதலாம், வீட்டு வரியைப் பற்றிக்கூட எழுதலாம். தன்னுடைய தேனிலவைப் பற்றி மகனுக்கு எழுதிய தகப்பன் எனக்குத் தெரிந்து எவனும் இல்லை. இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியதே நீதான். "ரிட்டயர் ஆயிட்டீங்க, வீட்ல உக்காந்து லிஃப்ட் போற சத்தத்தையே கேட்டுட்டு இருக்காதீங்க, கார் ஓட்டவாவது கத்துக்கங்கப்பா" என்று சொல்லிப் பயிற்சிப் பள்ளியில் என் பெயரைப் பதிந்தது யார்? அங்கே பயிற்சி கொடுப்பவராக டீச்சர் வந்ததும், மற்றவர்கள் இரண்டு மாதத்தில் முடிப்பதை நான் ஒரு வருடம் இழுத்ததும், லைசென்ஸ் கைக்கு வந்த அன்று இனி எந்தச் சாக்கில் இந்தக் காரில் ஏறுவது என்று புரியாமல் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததும், "இறங்குங்க சார், அடுத்த ஆள் காத்திட்டிருக்காங்க" என்று அவர் சொல்ல, "என்னால முடியல டீச்சர்" என்று நான் சொன்னதும் உனக்குத் தெரிந்த கதைதான். உன் அம்மா போன பிறகு பேச்சே இல்லாமல் கிடந்த வீடு இது. இப்போது சமையலறையில் நான் சட்டென்று திரும்பினால், "பின்னாடி யார் வர்றாங்கன்னு பாக்காம ஏன் திரும்புறீங்க?" என்று ஒரு குரல் கேட்கிறது. அதுவும் உன்னால்தான். நன்றியை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இடம் இருக்காது.

பதிவு அலுவலகத்தில் நானும் டீச்சரும் கல்யாணக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது நீயும் மருமகளும் எங்களை ஓரமாக அழைத்து, "வசந்த காலத்துல ஐரோப்பா. எங்க கல்யாணப் பரிசு. ஊர் ஊரா அலைய வேண்டாம், நிம்மதியா ஒரே ஊர். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து வாரா வாரம் போனில், "ஊர் முடிவாயிடுச்சாப்பா?" என்று நீ கேட்கிறாய். நானும் "பாத்துட்டு இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பக்கத்தில் டீச்சர் நிற்கும்போது நடந்ததை எல்லாம் எப்படிச் சொல்வது? இன்று அவருக்குச் சாயங்காலம் வரை வகுப்பு. அதனால் மூச்சு விடாமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் பயண ஏற்பாடு செய்யும் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி மேஜை, சுழலும் நாற்காலி, மேஜைமேல் ஒரு குட்டி விமானம். ஏஜென்ட் பையன் நல்ல பையன். தேனிலவு என்றதும் முகமெல்லாம் பல்லாகி, பூப் படம் போட்ட பளபளப்பான புத்தகங்களைப் பரப்பிவிட்டு, "பொண்ணு மாப்பிள்ளை எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டான். நான் அந்தக் குட்டி விமானத்தின் இறக்கையைத் துடைத்தேன். பார்க்கிங் எங்கே என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல டீச்சர் சாதாரணமாக, "வந்துட்டாங்க. உங்க எதிர்லதான் உக்காந்திருக்காங்க" என்றார். பையன் கையில் இருந்த ஸ்டேப்ளரைக் கீழே போட்டான். குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் மேஜைமேல் இருந்த புத்தகங்கள் மாறிவிட்டன. இப்போது இருந்தவற்றில் எல்லாம் வெள்ளை முடிக்காரர்கள் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு பஸ் முன்னால் நின்றார்கள். கூடவே ஒரு நர்ஸ் வருவாராம், படி ஏற வேண்டியதே இல்லையாம். நான் அதையாவது வாங்கிக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். டீச்சர் என் கையைத் தாண்டிக் கையை நீட்டி, "அதை வைங்க தம்பி. அந்தப் பூப்போட்ட புத்தகம் இருந்துச்சே, அதை எடுங்க" என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. நாற்காலி சுழலும் என்பதை மறந்து நான் பெருமையாகச் சாய்ந்ததில் அரைவட்டம் அடித்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம்.

அந்தப் புத்தகத்தில் முதலில் எங்களுக்குப் பிடித்தது தெருவுக்குப் பதில் கால்வாய் ஓடும் ஊர். வாசலில் இறங்கினால் படகு. படுத்தபடியே ஊரைச் சுற்றலாம், இதைவிட ஓய்வு என்ன வேண்டும்? "எதுக்கும் முதல்ல இங்க ஒரு தடவை படகுல உக்காந்து பாத்துடுவோம்" என்றார் டீச்சர். பூங்காக் குளத்துக்குப் போனோம். தேனிலவுக்கு ஒத்திகை என்பதால் நான் புது ஷூ போட்டிருந்தேன். ஒரு கால் படகில், ஒரு கால் கரைப் பலகையில். படகு நகர ஆரம்பித்தது. "சார், சீக்கிரம் ரெண்டுல ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் படகுக்காரர். நான் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாகக் குளத்தைத் தேர்ந்தெடுத்தேன். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் போகிற வழியில் முழங்கை படகின் விளிம்பில் இடித்தது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள், டீச்சரைத் தவிர. "பதறாதீங்க சார். முதல்ல மூச்சு விடுங்க. நல்லது. இப்ப வலது காலை வைங்க. அது இடது. பரவாயில்ல, அதையே வைங்க." கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது நான் தபால் பெட்டியில் மோதிய அன்றும் இதே குரலில்தான் பேசினார். அந்தக் குரல் கேட்டால் நான் எந்தக் குளத்திலிருந்தும் எழுந்து வருவேன் மகனே. இருந்தாலும் கால்வாய் ஊர் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது மலைமேல் ஒரு ஏரி ஊர். பனி அப்போதுதான் கரைந்து புல் எல்லாம் பூவாக இருக்குமாம். விடுதிக்குக் கம்பியில் தொங்கும் பெட்டியில்தான் போக வேண்டும். பணிக்காலம் முழுக்க லிஃப்ட் சோதித்தவன் நான். தொங்குகிற எதையும் கேள்வி கேட்காமல் என்னால் விட முடியுமா? கம்பி எவ்வளவு தடிமன், கடைசியாக எப்போது சோதித்தார்கள், இரண்டாவது பிரேக் உண்டா, சோதித்தவர் பெயரும் போன் எண்ணும் என்ன என்று விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பதில் தேனாக வந்தது. நான் மேலும் சந்தேகங்கள் கேட்டேன். இரண்டாவது பதிலில் தேன் குறைந்திருந்தது. மூன்றாவதில், மலை அடிவாரத்திலும் அருமையான விடுதிகள் இருப்பதாகவும் அங்கே எங்களுக்கு அமைதி கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். எங்களுக்கா அவர்களுக்கா என்று சொல்லவில்லை. டீச்சர் அதைப் படித்துவிட்டு டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு, "நீங்க கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல எத்தனை பேர் போயிருப்பாங்க? ஒருத்தராவது உங்க போன் நம்பர் கேட்டாங்களா? நம்பித்தானே சார் ஏறினாங்க?" என்று கேட்டார். இந்தப் பெண்மணியிடம் எனக்குப் பல நேரம் பதில் இருப்பதில்லை. அது எவ்வளவு இன்பம் என்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

மூன்றாவதாக ஒரு பெரிய தலைநகரம். விளக்குகள், பாலங்கள், நடைபாதையில் நாற்காலி போட்ட கடைகள். டிவியில் படம் போட்டுப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய வளைவு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு தெருவிலிருந்தும் கார்கள் கோடும் இல்லாமல் குறியும் இல்லாமல் புகுந்து வந்தன. நான் கட்டடத்தைப் பார்த்தேன். டீச்சர் கட்டடத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது. "கண்ணாடி பாருங்க! சிவப்புக் கார், உங்களைத்தான்! கண்ணாடி!" என்றார். சிவப்புக் கார் கேட்கவில்லை. படம் முடிந்தபோது ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தவர் போலக் களைத்திருந்தார். அந்த ஊரும் போயிற்று.

இதற்கிடையில்தான் நான் ஒரு காரியம் செய்துவைத்தேன். நம் குடியிருப்புச் சங்கச் செயலாளரை உனக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் முழுதாகக் கேட்பவர். லிஃப்டில் என்னைப் பிடித்து, "வெளிநாடு போறீங்களாமே, என்ன விஷயம்?" என்றார். இந்த வயதில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் சோதிக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் டீச்சர் வந்து கைப்பையை மேஜைமேல் வைத்தார். உட்காரவில்லை. "செயலாளர் வாழ்த்து சொன்னார். ஐரோப்பாவுல லிஃப்ட் சோதிக்கப் போறீங்களாமே. நானும் கூட வர்றேனா சார், இல்ல நீங்க மட்டுமா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நான் சமையலறையில் வேண்டுமென்றே பின்னால் பார்க்காமல் நாலு தடவை திரும்பினேன். ஒரு வார்த்தை வரவில்லை. தப்பு செய்தும் திருத்த ஆள் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் மறுபடி ஞாபகம் வந்தது. ஏஜென்ட் முன்னால் கூசாமல் "வந்துட்டாங்க" என்று சொன்னவரை, நான் ஒரு லிஃப்டுக்குள் ஒளித்து வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிப் பேசி முடித்து, "வேறு ஏதாவது உண்டா?" என்று செயலாளர் கேட்டதும் நான் எழுந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியும் என்னோடு சேர்ந்து எழுந்தது. அதைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"லிஃப்ட் விஷயமா சார்?" என்றார் செயலாளர்.

"இல்ல. தேனிலவு விஷயமா."

செயலாளர் பேனாவை மூடினார். "நான் ஐரோப்பாவுக்கு வேலையாப் போகல. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னது பொய். நானும் என் மனைவியும் தேனிலவுக்குப் போறோம். ஊர்தான் இன்னும் கிடைக்கல" என்று சொன்னேன். மூன்றாம் மாடி நர்ஸ் முதலில் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். செயலாளர் பேனாவைத் திறந்து, "இதை நடவடிக்கைக் குறிப்புல எழுதணுமா?" என்று கவலையாகக் கேட்டார். கடைசி வரிசையிலிருந்து டீச்சர் குரல் வந்தது: "எழுதிக்கங்க சார். எழுதி வச்சாத்தான் அப்புறம் மாத்திப் பேச மாட்டார்." படி ஏறும்போது என் நல்ல முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கியர் மாத்துறதுல மட்டும்தான் நீங்க லேட்டு. வர வேண்டிய இடத்துக்கு வந்துடுறீங்க" என்றார். என் பணிக்காலம் முழுவதும் எந்த மேலதிகாரியும் எனக்கு இப்படி ஒரு சான்று கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். நாள் பூராவும் யாரோ ஒரு புது ஆளின் பக்கத்தில், பிரேக்மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் தப்புக்குக் காத்திருக்கிற வேலை டீச்சருடையது. அப்படிப்பட்டவருக்கு நிம்மதி என்றால் என்ன? வண்டியே இல்லாத ஊர்! தேடினேன், கிடைத்தது. ஐரோப்பாவின் தென்கடலில் ஒரு சின்னத் தீவு. கார் கிடையாது, பஸ் கிடையாது. சாமான் கொண்டுபோகக் கைவண்டிதான். வசந்தத்தில் பாறைச் சுவர்மேல் எல்லாம் மஞ்சள் பூ பூக்குமாம், கோடைக்கூட்டம் அப்போது வந்திருக்காதாம், கடல் தண்ணீர் சில்லென்று இருப்பதால் குளிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்களாம். விடுதிக்கு இரண்டே மாடி, ஆகவே லிஃப்டும் இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். டீச்சரிடம் படத்தைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்றார். ஆகவே மகனே, ஊர் முடிவாகிவிட்டது. ஏஜென்ட் பையனிடம் சொல்லித் தீவையே பதிவு செய்துவிடு. கடலைப் பார்த்த அறையாக இருக்கட்டும்.

மருமகளுக்கு என் அன்பைச் சொல். இருவரும் இன்று போல் என்றும் இருங்கள், சண்டை போட்டாலும் அதே நாளில் பேசிவிடுங்கள். எல்லா நலமும் உங்களைத் தேடி வீட்டுக்கே வரட்டும்.

இப்படிக்கு,
ஊர் கிடைத்த மகிழ்ச்சியில்,
உன் அப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை வைத்து எதையும் பதிவு செய்துவிடாதே. டீச்சர் இன்று வகுப்பு சீக்கிரம் முடிந்து வந்துவிட்டார். நான் எழுதியதை எல்லாம் படித்தார், குளம் வந்த இடத்தில் சிரித்தார், தீவு வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். "வண்டி இல்லாத ஊர் வேணும்னு நான் எப்ப சார் சொன்னேன்? நீங்க ஆசைப்படுறீங்களேன்னுதான் நல்லா இருக்குன்னேன்" என்றார். பின்னே என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைத் திறந்து கீழே ரோட்டைப் பார்த்தார். "இத்தனை வருஷமா பக்கத்து சீட்லயேதான் உக்காந்திருக்கேன். ஓட்டுறது எல்லாம் மத்தவங்கதான். ஒரு தடவை நான் ஓட்டிட்டுப் போகணும். கடலோரமா நீளமா ஒரு ரோடு. எந்த ஊர்ல தங்குறதுன்னு போற வழியில பாத்துக்கலாம்" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை பார். ஆகவே ஒரே ஊர் என்கிற உன் நிபந்தனை ரத்து. ஊர் எதுவும் வேண்டாம், ஒரு கார் மட்டும் சொல்லிவை. "அப்ப எனக்கு என்ன வேலை டீச்சர்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. பக்கத்துல உக்காந்து வெளிய பாருங்க. எங்கயாவது அழகா இருந்தா சொல்லுங்க, நிறுத்துறேன்" என்றார்.