சொட்டுச் சொட்டாக வடியவேண்டிய பீர்

சாறு வேகமாக வடிந்துகொண்டிருந்தது. ஒட்லைவுக்கு அதுதான் கவலை.

மரத்தொட்டியில் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியும் வெந்நீரும் கலந்த ஊறல் நன்றாகவே ஊறியிருந்தது. வடிகட்டுவதற்காகத் தொட்டியின் அடியில் ஜூனிப்பர் புதரின் கிளைகளைப் பரப்பியிருந்தார். துளையில் செருகியிருந்த கட்டையை உருவியதுமே பழுப்பு நிறச் சாறு கொடகொடவென்று வாளியில் இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டால், சக்கையில் ஒட்டியிருக்கும் இனிப்பும் இறங்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முடியக் கூடாது. அக்கா ரன்வெய் கிறிஸ்துமஸ் பீர் காய்ச்சிய காலத்தில் அது சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாகத்தான் வடியும். ஹோர்னிண்டால் பள்ளத்தாக்குக்கே அது தெரியும். அக்கா பீர் காய்ச்சும் கொட்டகையின் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டுவிடுவார். யாராவது பொறுக்கமாட்டாமல் தட்டினால், "இன்னும் சொட்டிக்கிட்டிருக்கு, போய் உக்காருங்க!" என்று குரல் மட்டும் வரும். வந்தவர்கள் சமையலறையில் ஒட்லைவைச் சுற்றி உட்கார்ந்து, ஆட்டுத்தொடை உப்புக்கண்டத்தைச் சீவித் தின்றுகொண்டும் சீட்டாடிக்கொண்டும் காத்திருப்பார்கள். வருஷம் முழுக்க வாயில் கொழுக்கட்டையை வைத்திருக்கும் ஒட்லைவ்கூட அன்றைக்கு மட்டும் கதை சொல்வார். அவர் சொன்னதற்கு ஆட்கள் சிரிப்பார்கள்.

இருட்டுகிற நேரத்தில் கொட்டகையிலிருந்து ஒரு கூவல் கேட்கும். புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைச் சாற்றில் விடும்போது தொண்டை கிழியக் கூவவேண்டும். எவ்வளவு பலமாகக் கூவுகிறோமோ அவ்வளவு பலமாக பீர் தலைக்கேறும் என்பது இங்கே எல்லாருடைய நம்பிக்கை. அந்தக் கூவல் வந்த பிறகுதான் கதவு திறக்கும்.

அந்த ஒரு நாளுக்காக ஒட்லைவ் வருஷமெல்லாம் ஏங்குவார். யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. பீர் காய்ச்சும் வீட்டுக்கு இங்கே யாரையும் அழைப்பதில்லை. கொட்டகைப் புகையைப் பார்த்துவிட்டுத் தாமாக வருவார்கள். இரண்டு வருஷமும் புகை இல்லை, ஆளும் இல்லை. ஒட்லைவும் பூனையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பண்டிகை கொண்டாடினார்கள். இந்த வருஷமும் விட்டால் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் வருகிற பழக்கமே போய்விடும் என்று பயந்துதான் அடுப்பு மூட்டியிருந்தார். பீர் அக்காவின் பீராக இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒரு தடவை வந்தவன் மறுதடவை எதற்கு வரப்போகிறான்?

முதலில் வந்தவர் ஆர்ன்ஃபின். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜென்மத்தில் பீர் காய்ச்சியதில்லை, ஆனால் அதைப் பற்றி அபிப்பிராயம் நிறைய உண்டு.

"என்னடா இது, மாடு மூத்திரம் பெய்யற மாதிரி கொட்டுது?"

"எனக்கும் அதான் புரியல."

"சொட்டணும்டா. சொட்டினாத்தான் ருசி. ரன்வெய் எப்படிச் செய்வா?"

"என்னைய எங்க உள்ள விட்டா? விறகு பிளக்கறதோட சரி."

கூடவே வந்திருந்த மோல்ஃப்ரிட்டைப் பார்த்தார் ஒட்லைவ். அக்காவின் சிநேகிதி. காய்ச்சுகிற அன்று கொட்டகைக்குள் போக அனுமதி உள்ள ஒரே ஜீவன்.

"மோல்ஃப்ரிட் அக்கா, நீங்க உள்ள இருந்தீங்களே, எப்படிச் சொட்ட வைப்பா?"

"நான் எங்க கண்டேன்? நான் பாட்டுக்குக் காலுறை பின்னிக்கிட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் விறகுக் குவியலின் மேல் காப்பியோடு உட்கார்ந்துகொண்டார்.

"சக்கையை அமுக்கிப் பாரு" என்றார் ஆர்ன்ஃபின்.

ஒட்லைவ் துடுப்பால் சக்கையை ஓங்கி அமுக்கினார். கொடகொடப்பு குறைந்தது. நூலாக இறங்கியது. பிறகு சொட்டியது.

"பாத்தியா!" என்றார் ஆர்ன்ஃபின்.

அதோடு நின்றுபோனது.

"நின்னுடுச்சேடா."

"சொட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் அப்படித்தான் யோசிக்கும்."

அது யோசித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் மூன்றாம் வீட்டு யோஸ்டைன் வந்துவிட்டான். பீர் காய்ச்சுவது எப்படி என்று இணையத்தில் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவன். சட்டைப் பையில் வெப்பமானி எப்போதும் இருக்கும்.

"சூடு இறங்கிடுச்சு, அதான் பிரச்சினை. கொதிக்கிற தண்ணிய ஊத்துங்க."

"அவ்வளவு சூடா ஊத்தலாமா?"

"தைரியமா ஊத்துங்க அண்ணே, நான் பாத்துக்கறேன்."

ஊற்றினார்கள். யோஸ்டைன் வெப்பமானியை விட்டுப் பார்த்தான். எடுக்கும்போது அது எளிதில் வரவில்லை. ஊறல் பசையாகிவிட்டிருந்தது.

"இது எதிர்பாராத விஷயம்" என்றான்.

"வாளியில இருக்கிற நல்ல சாறையும் திருப்பி ஊத்திக் கிண்டுங்கடா. கொஞ்சம் இளகும்" என்றார் ஆர்ன்ஃபின். உருப்படியாக வடிந்திருந்த ஒரே வாளியும் தொட்டிக்குள் போனது. அது இளகவில்லை. கிண்டிய கிண்டலில் அடியில் இருந்த கிளைகள்தான் இடம் மாறின.

விறகுக் குவியல் பக்கமிருந்து ஒரு சத்தம். மோல்ஃப்ரிட் சால்வையால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது.

"அழறீங்களா அக்கா?"

"புகைப்பா, புகை."

புகையைப் பார்த்துவிட்டு இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கொட்டகை நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. ஆர்ன்ஃபின் தரையில் மல்லாந்து படுத்து, அடித்துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தினார்.

"ஏதோ தட்டுப்படுது. இழுக்கறேன்."

"இழுக்காத!"

இழுத்துவிட்டார். ஒரு ஜூனிப்பர் கிளை வந்தது. அதன் பின்னாலேயே மொத்தக் கூழும் வந்தது. பாதி ஆர்ன்ஃபினின் தாடியிலும் மீதி கீழே வைத்திருந்த அண்டாவிலும் விழுந்தன.

"நல்லா ஆறியிருந்துச்சு, பொழைச்சேன்" என்று எழுந்து உட்கார்ந்து தாடியை நக்கிப் பார்த்தார். "இனிப்பாத்தான் இருக்கு."

யாரோ ஓடிப்போய்ச் சமையலறை ஜன்னல் திரையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அக்கா கையால் பின்னிய பண்டிகைத் திரை. ஒட்லைவ் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அதில் கூழை அள்ளிப் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து முறுக்கிப் பிழிய ஆரம்பித்தார்கள். ஒரு கோஷ்டி களைத்தால் இன்னொரு கோஷ்டி வந்தது. ஒருவர் கால் வழுக்கிச் சக்கைமேல் உட்கார்ந்தார். யாரோ உப்புக்கண்டத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சாணிக் கலங்கலாக ஒரு சாறு சேர்ந்தபோது வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

ஈஸ்ட்டை விட்டார் ஒட்லைவ். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"கூவுடா!"

"ஊ" என்றார்.

"இதுல எலிகூட மயங்காது!"

ஒட்லைவ் கண்ணை மூடினார். அக்காவின் கூவல் ஞாபகம் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், ஏரிக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன. மற்றவர்களும் சேர்ந்து கூவினார்கள். பூனை அதற்கப்புறம் வெகுநேரம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கூவி முடித்ததும் ஒட்லைவுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. மோல்ஃப்ரிட் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மானம் போச்சு அக்கா. அவ கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தை ஆளா, சத்தமில்லாம, சாயங்காலம் வரைக்கும் சொட்டச் சொட்ட வடிச்சா. நாங்க இத்தனை பேர் சேர்ந்தும் முடியல. இதைக் குடிச்சிட்டு அடுத்த வருஷம் எவன் வருவான்?"

மோல்ஃப்ரிட் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போடா அசடே, அவளுக்கும் மத்தியானத்துக்குள்ளயே கொடகொடன்னு வடிஞ்சிடும், 'இப்பவே கதவைத் தொறந்தா எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க, அப்புறம் என் தம்பி யார்கூடப் பேசுவான்'னு சொல்லிட்டு, இருட்டற வரைக்கும் என்கூட உக்காந்து காலுறை பின்னுவா."