பெட்டிக்குள் ஐம்பத்திரண்டு போன்கள்

மேலத்தெரு,
எம். புதுப்பட்டி அருகில்.

அன்புமிக்க மாப்பிள்ளை தருண்குமார் அவர்களுக்கு மாமனார் சங்கரபாண்டியன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை கற்பகவல்லி, மாடு மூவரும் நலம். நீங்களும் மகள் பிரீத்திகாவும் நலமாயிருக்க அம்மன் துணை. போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் உங்கள் அத்தையோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடுகிறது.

உங்கள் ஆபீஸ் மூலமாக நம் தெருவுக்கு நீங்கள் வைத்துக்கொடுத்த தண்ணீர் மெஷினுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நான்கு நாளைக்கு ஒரு முறை எல்லா வீட்டுப் போனும் தானாக அடிக்கும்; ஐந்து நிமிஷத்துக்குள் பாதிப் பேராவது எடுத்து ஒன்றாம் நம்பரை அமுக்கினால் மெஷின் டேங்க் வால்வைத் திருப்பி நமக்குத் தண்ணீர் விடும், இல்லாவிட்டால் அடுத்த தெருவுக்கு. திறப்பு விழாவில் “இந்த ஊரின் மனித வளமே பெரிய மூலதனம்” என்று நீங்கள் பேசியபோது முதலில் கைதட்டியவன் நான். அந்த மனித வளம் காலை ஏழு மணிக்கே கம்பெனி வேனில் ஏறிவிடும் என்பதும், தீப்பொறி பயத்தால் போன்களைக் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதும் கைதட்டி முடித்த பிறகே ஞாபகம் வந்தது.

முதல் நாள் பத்து மணிக்கு ஐம்பத்திரண்டு போனும் ஒன்றாக அடித்திருக்கின்றன. சாமி பாட்டு, குழந்தைச் சிரிப்பு, சேவல் கூவல் எல்லாம் ஒரே பெட்டிக்குள். கேட் வாட்ச்மேன் ஊர்க்காவலன், நம் தெருக்காரர்தான், மணியை அடித்து அத்தனை ஜனத்தையும் வெளியே ஓட வைத்துவிட்டார். உங்கள் அத்தை ஒற்றைச் செருப்போடு ஓடியிருக்கிறாள். போர்மேன் வந்து திட்ட, “எல்லா போனும் சேந்து அடிச்சா இங்கன அதுக்கு ஒரே அர்த்தந்தான்யா. எங்கனயோ வெடிச்சிருச்சு. நான் வேற என்னத்த நெனைக்க?” என்றாராம். போர்மேன் ஆட்களை எண்ணி உள்ளே அனுப்பினாராம். கேட்டபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கும் அடுத்த முறையும் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. குடிக்க ஒரு குடம் இல்லை. இந்த ஊர்க்காவலனுக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட அவர் கிடா என் சோளத்தை மேய, நான் ஒரு போடு போட்டதில் நின்றது. அந்த மனுஷன் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்றாம் முறை ஒவ்வொரு போனாக எடுத்து ஒன்றை அமுக்கியிருக்கிறார், நம் வீட்டுப் போனையும் சேர்த்து. தண்ணீர் வந்தது, பிடிக்கத்தான் தெருவில் ஆள் இல்லை. பெண்கள் குழாயடியில் வைத்துவிட்டுப் போன குடங்களை மாற்ற, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக நான் ஓடினேன். காலண்டர் அச்சகத்தில் ரிட்டயரான பிறகு மூலதனம் ஆகியிருக்கிறேன். சாயங்காலம் ஊர்க்காவலன் வீட்டுக்கு நானே ஒரு குடம் சுமந்து போனேன். “வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. இரண்டு மாதமாக முறை தவறாமல் தண்ணீர் வருகிறது. எல்லாம் உங்கள் மெஷின் புண்ணியம்.

நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும். பிரீத்திகாவுக்கு ஆசிகள்.

அன்புடன்,
சங்கரபாண்டியன்

பி.கு.: கடுதாசியை ஒட்டும் நேரத்தில் டேங்க் ஆப்பரேட்டர் மாரிக்கண்ணன் வந்தான். மெஷின் வயரை அணில் கடித்து ஒன்றரை மாதமாகிறதாம். போன் எதுவும் அடிப்பதில்லை. முறை நாளில் பத்து மணிக்கு ஊர்க்காவலன் சொல்லிவிட, இவன் போய் வால்வைக் கையால் திருப்பியிருக்கிறான். “மாப்பிள்ளை மனசு சங்கடப்படும், அண்ணங்கிட்ட மூச்சு விடாதலே” என்று ஊர்க்காவலன் சொல்லியிருந்தாராம். அவன் விட்டுவிட்டான், நானும் எழுதிவிட்டேன். ஆகவே மேலே சொன்ன நன்றியில் பாதியை அவர்கள் இருவருக்கும் மாற்றுகிறேன். மீதி உங்களுக்கே, மெஷின் வராவிட்டால் அந்தக் காப்பி எனக்குக் கிடைத்திருக்காது. தீபாவளிக்கு வரும்போது வயர் வேண்டாம். இரண்டு வேட்டி வாங்கி வாருங்கள்.